பதினைந்து மதிப்பெண் கழித்த நிரல்

விண்ணப்பங்களைத் தானே படித்து, இவரைக் கூப்பிடு, இவரை விடு என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருளுக்குப் பிறந்த ஊர் எது என்று கேட்டால், பலரும் கலிஃபோர்னியா என்பார்கள். நான் தெற்கு லண்டனின் டூட்டிங்கைச் சொல்வேன். ஆம், ஈழத்தமிழர் கடைகளும் தோசைக் கடைகளும் வரிசைகட்டி நிற்கும் அதே டூட்டிங்தான். அங்கே இருக்கிறது செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரி. அங்கே எழுதப்பட்ட நிரல் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, மாணவர்களைத்தான் எடுத்தது. ஆனாலும் இன்று எச்.ஆர். மேசையில் ஷார்ட்லிஸ்ட் என்ற பெயரில் நடப்பதெல்லாம் அங்கே நடந்து முடிந்துவிட்டது, விசாரணை உட்பட.

எழுபதுகளில் அந்தக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் 2,500 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் முக்கால்வாசி, நேர்காணல் வரைகூடப் போகாமல் தாளைப் பார்த்த அளவிலேயே தள்ளப்பட்டன. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்துவிடும். அதாவது விதி நிர்ணயமானது முதல் சல்லடையில்தான். அந்தச் சல்லடையைப் பிடித்திருந்த பேராசிரியர்களில் ஒருவர் ஜெஃப்ரி ஃபிராங்ளன், கல்லூரியின் துணை டீன். கட்டுக்கட்டாக விண்ணப்பம் படிப்பது அவருக்கு அலுத்துவிட்டது. இன்னொரு உறுத்தலும் இருந்தது: ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்கள் இரண்டு பேர் கைக்குப் போனால் இரண்டு விதமான முடிவு வருகிறது. இயந்திரத்துக்குக் களைப்பும் இல்லை, மனநிலையும் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்குமே என்று நினைத்தார். நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

தானும் சகாக்களும் யாரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அவர் கூர்ந்து ஆராய்ந்தார். எதற்கு எவ்வளவு மதிப்பெண் கொடுத்தால் அதே முடிவு வரும் என்று கணக்கிட்டு நிரலில் எழுதினார். 1979இல் நிரல் தயாரானது. அந்த ஆண்டு விண்ணப்பங்களைக் கணினியும் பார்த்தது, தேர்வுக்குழுவும் பார்த்தது. இரண்டின் முடிவும் 90 முதல் 95 சதவீதம் ஒத்துப்போனது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? 1982 முதல் எல்லா விண்ணப்பங்களுக்கும் முதல் சுற்றைக் கணினியே பார்த்தது.

அந்த 95 சதவீதத்தில்தான் கோளாறு. நிரல் யாரோடு ஒத்துப்போனது? பழைய தேர்வாளர்களோடு. அவர்கள் எடுத்த மாணவர்கள் நல்ல மருத்துவர்களாக வந்தார்களா, தள்ளப்பட்டவர்கள் வேறெங்காவது படித்துப் பெயர் வாங்கினார்களா என்ற கேள்வி சோதனையில் இல்லை. தேர்வாளர்கள் என்ன செய்தார்களோ, அதை அப்படியே செய்தால் போதும் என்பதே வெற்றிக்கான அளவு.

அவர்கள் செய்தவற்றில் ஒன்று இது. விண்ணப்பத்தில் இனம் பற்றிய கேள்வியே கிடையாது. ஆனால் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்து ஒருவரை ஐரோப்பியர், ஐரோப்பியரல்லாதவர் என்று நிரல் பிரித்தது. ஐரோப்பியப் பெயர் இல்லாவிட்டால் 15 மதிப்பெண் வரை குறையும். பெண் என்றால் சராசரியாக 3. இதனால் ஆண்டுக்கு 60 பேர் வரை நேர்காணல் வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று பின்னால் தெரியவந்தது.

கல்லூரிக்குள்ளேயே சிலருக்குச் சந்தேகம் வந்து நிரலைத் திறந்து பார்த்தார்கள். பெயருக்கும் பிறந்த ஊருக்கும் மதிப்பெண் எதற்கு? கடந்தகாலச் சேர்க்கைத் தரவுகளிலிருந்து கிடைத்த விதிகள் அவை, முடிவில் பெரிய மாற்றம் எதையும் செய்யாது என்றார் ஃபிராங்ளன். முதல் பாதி உண்மை. பழைய பழக்கத்தை ஒளிவுமறைவில்லாமல் எண்ணாக்கியிருந்தார், அவ்வளவுதான்.

விஷயம் அங்கேயே அமுங்கியிருக்கும். அதே கல்லூரியில் பணியாற்றிய இருவர் விடவில்லை: ஜமைக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஆக்ரி பர்க், மருந்தியல் வல்லுநர் ஜோ காலியர். லண்டன் மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கையில் இன, பால் பாகுபாடு இருப்பதைப் பற்றி இருவரும் ஏற்கெனவே ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார்கள். 1986 டிசம்பரில் பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையத்திடம் போனார்கள். 1988இல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது: கல்லூரி பாகுபாடு காட்டியது உண்மை. தண்டனை என்று பெரிதாக எதுவுமில்லை. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களைக் கல்லூரி தேடிப் பார்த்தது, முன்பு நிராகரித்த மூன்று பேருக்கு இடம் தந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. செயின்ட் ஜார்ஜஸில் அப்போது வெள்ளையரல்லாத மாணவர்களின் விகிதம் லண்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளைவிட அதிகம். மற்ற இடங்களிலும் மதிப்பெண் கழிந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அது பேராசிரியர்களின் மண்டைக்குள் கழிந்தது. அங்கே எந்த ஆணையமும் நுழைந்து பார்க்க முடியாது. மாட்டிக்கொண்டது, எழுதி வைத்த கல்லூரி மட்டும்.

தீர்ப்பு வந்த அதே 1988இல் கலிஃபோர்னியாவில் ரெஸ்யூமிக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. வேலைச் சந்தைக்கு இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தவர்களில் அது முக்கியமானது. தாளில் வந்த பயோடேட்டாவை ஸ்கேன் செய்து, எழுத்துகளை அடையாளம் கண்டு, அதிலிருந்து திறன்களைப் பிரித்தெடுத்துப் பட்டியலிடும். அமெரிக்கக் கடற்படைகூடச் சிவிலியன் பணிகளுக்கு அதைப் பயன்படுத்தியது. வேலை தேடியவர்களுக்குப் புதுப் பாடம் ஆரம்பித்தது: வெள்ளைத் தாளில் அடியுங்கள், சாய்வெழுத்து வேண்டாம், அடிக்கோடு வேண்டாம், தாளை மடிக்காதீர்கள், விளம்பரத்தில் இருக்கும் சொற்களை அப்படியே போடுங்கள். மனிதர் படிப்பதற்கு எழுதிய காலம் போய், இயந்திரம் படிப்பதற்கு எழுதும் காலம் வந்தது. பிறகு இணையம் வந்தது, நம் ஊரில் 1997இல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளம் வந்தது. ஒரு சொடுக்கில் நூறு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்றானதும், சல்லடை இல்லாமல் எச்.ஆர். பிழைக்க முடியாது என்ற நிலை.

2014இல் அமேசான் ஒரு படி மேலே போனது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கணினிக்குக் கொடுத்து, விதிகளை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டார்கள். தொழில்நுட்பத் துறையில் பெரும்பாலும் ஆண்களே இருந்ததால் கணினி கற்றதும் அதையே. பெண்கள் சதுரங்கக் குழுவின் தலைவி என்று ஒரு வரி இருந்தால் மதிப்பு குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளுக்கும் அதே கதி. சரிசெய்து பார்த்தார்கள். வேறு வழியில் அதே வேலையைச் செய்யாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாததால் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2018இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. டூட்டிங்கில் 15 என்ற எண்ணை விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இங்கே அப்படி ஒரு வரியே இல்லை.

பெரிய நிறுவனங்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சாதாரண மென்பொருளில் ஒரு சிறு பெட்டியை டிக் செய்தால் போதும். ஆறு மாதத்துக்குமேல் வேலையில்லாமல் இருந்தவர்களை ஒதுக்கு என்ற விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருப்பதை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தாய்மார்களை எடுக்காதே என்று யாரும் எழுதவில்லை. பிள்ளை பெற்றவரும், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவரும் தானாக உதிர்ந்துவிடுகிறார்கள்.

அதனால் விண்ணப்பங்கள் வரத் தொடங்குவதற்கு முன்பே, இந்த வேலைக்கு எது இல்லாமல் முடியாது, எது இருந்தால் நல்லது என்று இரண்டு பட்டியல் எழுதிவிட வேண்டும். ஓட்டுநருக்கு உரிமம் முதல் பட்டியல். அதை மென்பொருள் தாராளமாகச் சலிக்கலாம். ‘பெரிய கம்பெனி அனுபவம்’ இரண்டாம் பட்டியல். அதை வைத்து யாரையும் தள்ளக் கூடாது. தேர்வு விகிதத்தையும் கணக்கிட வேண்டும். அமெரிக்காவில் 1978 முதல் உள்ள வழிகாட்டுதல்படி, ஒரு பிரிவினரின் தேர்வு விகிதம் மிக உயர்ந்த பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் அது எச்சரிக்கை மணி. இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை வேண்டும் என்ற சட்டத்தை நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் அமல்படுத்துகிறது.

ஃபிராங்ளன் செய்த இரட்டைச் சோதனையையும் வேறு கேள்வியோடு திரும்பச் செய்யலாம். மென்பொருள் ஒதுக்கியவற்றிலிருந்து இருபது விண்ணப்பங்களைக் குலுக்கி எடுத்து, பெயரை மறைத்து, அந்த வேலையை இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இவர்களில் இரண்டு பேரைக் கூப்பிடலாமே என்று அவர் சொன்னால், எந்த விதி அவர்களைத் தள்ளியது என்று மென்பொருளை விற்றவரிடம் கேளுங்கள். அவரால் காட்ட முடியவில்லை என்றால் அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டத் தேவையில்லை.