கறுப்பு மை மூன்றான கதை

கறுப்பு வெள்ளைப் படம்தானே, ஒரு கறுப்பு மை போதாதா என்று யாருக்கும் தோன்றும். இங்க்ஜெட் பிரிண்டரிடம் அந்தக் கணக்கு செல்லாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் புள்ளி வைப்பது. கறுப்பை மட்டும் கொடுத்தால் வெளிர் வானத்திலும் கன்னத்திலும் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். அதை மறைக்க சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளைக் கலந்து சாம்பல் நிறம் வரவழைத்தார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. 2000-இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி, நெடுங்காலம் மங்காத நிறமி மையோடு வந்த பிரிண்டர். ஆனால் அதில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம் குண்டு பல்பின் கீழே ஒழுங்காக இருக்கும். ஜன்னலோரம் கொண்டுபோனால் பச்சை தட்டும்.

இருட்டறையில் படம் கழுவிப் பழகியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. கறுப்பின் நிறச் சாயல் அவர்கள் கைக்கு அடங்கிய விஷயம். செலினியக் கரைசலில் முக்கினால் கறுப்பு ஆழமாகும், செபியாவில் பழுப்பேறும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அச்சுக்கூடம் நடத்திய ஜான் கோன், வண்ண மைகளையே தூக்கிப் போட்டார். அவற்றின் இடத்தில் அடர்கறுப்பு தொடங்கி வெளிர்சாம்பல் வரை படிப்படியாக நீர்த்த கறுப்பு மைகளை நிரப்பினார். ‘பியஸோகிராஃபி’ என்ற பெயரில் அது 2000 வாக்கில் விற்பனைக்கு வந்தது. புள்ளியும் போயிற்று, பச்சையும் போயிற்று. ஆனால் சாயல் மைக்குள்ளேயே அடைபட்டுவிட்டது: பழுப்பு வேண்டுமென்றால் மையையே மாற்ற வேண்டும். மை மாற்றிய பிரிண்டரில் வண்ணப் படமும் போட முடியாது.

அந்தப் பூட்டைத் திறந்தது ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மலிவு விலை மென்பொருள். எந்த அடர்த்தியில் எந்த மை எவ்வளவு விழவேண்டும் என்பதை அச்சிடுபவரே வளைகோடாக வகுக்கலாம். நிழலுக்குக் குளிர்ந்த சாயல், வெளிச்சத்துக்கு வெதுவெதுப்பு என்று பிரித்தும் கொடுக்கலாம். டிஜிட்டல் அச்சில் சாயல் கட்டுக்குள் வந்தது இங்கேதான் என்பேன்; பெரிய நிறுவனங்கள் பிறகு செய்தது அதை எளிதாக்கியதுதான்.

2005-இல் எப்சன் கே3 மைகளைக் கொண்டுவந்தது. கறுப்பு, இளங்கறுப்பு, அதனினும் இளங்கறுப்பு என மூன்று. சாம்பல் நிறத்தின் பாரத்தை இவையே சுமந்தன. வண்ண மை சிறிதளவே சேர்ந்தது. அந்தச் சிறிதளவும் வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு: கறுப்பு மையில் உள்ள கார்பன் நிறமி இயல்பிலேயே பழுப்புச் சாய்வு உடையது. அதைத் தூய சாம்பலாக்கக் கொஞ்சம் சயானும் மெஜந்தாவும் வேண்டும். பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளில் ஒரு வண்ணச் சக்கரத்தை வைத்து, இந்தக் கொஞ்சத்தை நகர்த்தும் வேலையை நம்மிடம் விட்டார்கள். நடுநிலை, குளிர்ச்சி, வெதுவெதுப்பு, செபியா எல்லாம் அதில் அடக்கம்.

உங்கள் பிரிண்டரில் இந்த வசதி இருந்தால் முதலில் நடுநிலையில் ஒன்று, சற்றே வெதுவெதுப்பில் ஒன்று போட்டுப் பாருங்கள். மை நன்றாகக் காயட்டும். படம் மாட்டப்போகும் சுவரின் விளக்கிலேயே இரண்டையும் பார்த்து, அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.