தங்கவயலிலிருந்து நாகூருக்கு



1958ஆம் ஆண்டில் ஒரு நாள் விடியற்காலை, மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் எங்கள் குடும்பத்தார் அறுவர் வண்டி ஏறினோம். எனக்கு அப்பொழுது வயது ஏழு. பாட்டியார் மடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதில் இரண்டாண்டுகளாகச் சேர்த்த காசு. நாங்கள் புறப்பட்டது நாகூருக்கு. நாங்கள் முஸ்லிம்கள் அல்லர். எங்கள் வரிசை வீடுகளில் இருந்தோர் எவரும் அதை ஒரு விந்தையாகக் கருதவுமில்லை. "ஆண்டவர் சந்நிதிக்குப் போய்விட்டு வாருங்கள், எங்களுக்கும் சர்க்கரை கொண்டு வாருங்கள்" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

ஏன் அது விந்தையாகத் தோன்றவில்லை என்பதை விளக்கத் தங்கவயலின் வாழ்வைச் சிறிது கூறவேண்டும். 1880ஆம் ஆண்டை ஒட்டி, ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்ச் சீமையில் தங்கம் எடுக்கும் பணியை மேற்கொண்டபோது, பாறையைக் குடைய வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் வடஆர்க்காட்டு மாவட்டத்தார் மிகுதி. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பிகளின் வழியே தங்கவயலுக்குக் கொணர்ந்தார்கள். அக்காலத்தில் அது உலகம் வியந்த செயல். அந்த மின்சாரத்தைக் கொண்டு மேலும் மேலும் ஆழத்துக்கு இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் சூடே ஓர் உலைச் சூடு. அதனினும் கொடியது, மேலுள்ள மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் நிகழ்ச்சி. அவ்வதிர்ச்சியில் மேலே வரிசை வீடுகளில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் உருளும். பாத்திரம் உருண்டதும் பெண்கள் அடுப்பை அவித்துவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள்.

அத்தகைய ஒரு நாளில்தான் பாட்டியார் வேண்டிக்கொண்டார். தாத்தா இறங்கியிருந்த தளத்துக்கு அருகே பாறை வெடித்தது. அவர் ஏறி வருவதற்குள் இரவாகிவிட்டது. அதற்குள், "இவர் உயிரோடு வந்தால் பேரனுக்கு நாகூரில் முடி இறக்குகிறேன்" என்று வேண்டுதல் முடிந்திருந்தது. பேரன் என்றால் நான்தான். என் தலைமுடியை என்னைக் கேளாமலே கொடுத்துவிட்டார்கள்!

தாத்தாவுக்கு இதில் உடன்பாடில்லை. அவர் மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கத்தோடு பழகியவர். அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கிய பௌத்த இயக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலில் வேரூன்றியிருந்தது. நேர்த்திக்கடன், பரிகாரம் முதலியவற்றை அச்சங்கத்தார் ஏற்பதில்லை. பாறை வெடிப்பது பூமியின் இயல்பு, அதற்கு நாகூரில் என்ன மருந்து என்பது தாத்தாவின் கேள்வி. பாட்டியார் தந்த விடையை வீட்டில் இன்றும் சொல்வதுண்டு: "கீழே இறங்கறவருக்குக் கையிலே வேலை இருக்குது. மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறென்ன இருக்குது?" தாத்தா மறுமொழி சொல்லவில்லை. விடுப்பும் பணமும் கூடிவர இரண்டாண்டுகள் ஆயின. அவ்விரண்டாண்டுகளும் என் தலையில் கத்தரி படவில்லை.

பயணம் நீண்டது. மாரிக்குப்பத்திலிருந்து சிறு கிளைப்பாதை வழியே பங்காரப்பேட்டை. அங்கிருந்து பெரிய வண்டியில் ஜோலார்பேட்டையைக் கடந்து காட்பாடி. காட்பாடியில் அகலப்பாதையை விட்டு மீட்டர் பாதை வண்டிக்கு மாறி, வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம். பின்னர் சிதம்பரமும் கொள்ளிடப் பாலமும் கடந்து மாயவரம். அங்கிருந்து திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர். வேலூரைத் தாண்டியதும் தாத்தா சன்னலோரம் நகர்ந்து அமர்ந்தது நினைவிருக்கிறது. அவர் தந்தையார் விட்டு வந்த சீமை அது. எந்த ஊர் என்று எங்களுக்குக் காட்டவில்லை. காட்டும்படி நாங்களும் கேட்கவில்லை. கொள்ளிடத்தைக் கடந்தபோது, "இந்தத் தண்ணீர்தான் நம் ஊரில் விளக்கு எரிக்கிறது" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். நாகூரில் கடலைச் சேரும் வெட்டாறும் காவிரியின் ஒரு கிளையே. ஆற்றின் மேற்புறத்து வீழ்ச்சியால் வாழ்ந்தவர்கள் அதன் கடைமடைக்கு வந்து சேர்ந்தோம்.

இனி நாகூரின் வரலாற்றைப் பார்ப்போம்.

பதினாறாம் நூற்றாண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணிக்கப்பூரில் பிறந்தவர் ஹஜ்ரத் ஷாகுல் ஹமீது. குவாலியரில் முகம்மது கௌஸ் என்னும் சூஃபிப் பெரியாரிடம் பயின்றார். மக்காவுக்குச் சென்று ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றிய பின், தென்கடல் வழியே தமிழ்நாட்டுக் கரையை அடைந்து நாகூரில் தங்கினார் என்று அவருடைய வரலாறு கூறுவோர் எழுதியுள்ளனர். அவரும் ஒரு புலம்பெயர்ந்தவரே என்பதை, நேயர்களே, நாம் நினைவில் கொள்ளலாம். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. யூசுப் என்பாரை மகனாக ஏற்று வளர்த்தார். தர்காவின் உள்ளே அவருடைய அடக்கத்தலத்தோடு யூசுப் சாகிபுவின் அடக்கமும், மருமகள் சுல்தான் பீவி அம்மையாரின் அடக்கமும் உள்ளன. குடும்பத்தோடு சென்று காணும் அவ்விடத்தில், அடக்கமாகியிருப்பதும் ஒரு குடும்பமே.

அப்பெரியாரைத் தஞ்சை அரசர்கள் எவ்வாறு போற்றினர் என்பது வரலாற்று மாணவர்கள் கவனிக்கத்தக்கது. அச்சுதப்ப நாயக்கர் நோயுற்றிருந்தார் என்றும், அரண்மனையில் ஊசிகள் குத்தப்பட்ட புறா ஒன்றைப் பெரியார் கண்டெடுத்து அவ்வூசிகளை நீக்க அரசர் நலம் பெற்றார் என்றும், அதற்கு நன்றியாக நிலம் அளித்தார் என்றும் மரபு கூறும். தர்காவில் புறாக்களைப் பறக்கவிடும் வழக்கத்துக்கு இக்கதையையே காரணம் சொல்வர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், தஞ்சையை ஆண்ட மராட்டியர் பிரதாப சிங் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டுவித்தார். அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயரமானது அதுவே. உயரம் 131 அடி. அவருடைய ஆட்சிக்காலம் 1739 முதல் 1763 வரை. மகப்பேறு வேண்டிப் பிரார்த்தித்து, அது கைகூடியதால் கட்டினார் என்பர். பாட்டியாரின் வேண்டுதலும் மன்னரின் வேண்டுதலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவர் மினாரா எழுப்பினார். நாங்கள் முடி கொடுத்தோம்.

கதைகளை எல்லாம் அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்கலாயிற்றாம். பெரியார் அப்போது நாவிதரிடம் முகம் மழித்துக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த கண்ணாடியை வீச, அது பறந்து சென்று ஓட்டையை அடைத்ததாம். அது டச்சுக் கப்பல் என்று சிலர் சொல்வதுண்டு. டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய ஆண்டு 1658. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதே 1602இல்தான். பெரியார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். ஆகவே கப்பல் யாருடையது என்பது பிற்காலத்தார் சேர்த்தது. ஆயினும் அக்கதை நமக்கு ஓர் உண்மையைத் தெரிவிக்கிறது. நாகூரை நாடியவர்கள் கப்பலில் ஏறியவர்கள். மூழ்கும் அச்சத்தோடு வாழ்ந்தவர்கள். தர்காவில் தகட்டால் செய்த சிறு கப்பல்களைக் காணிக்கையாகச் செலுத்துவதை இன்றும் காணலாம். கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் வருவதும் கப்பல் வடிவ இரதங்களில்தான்.

கடலோடிகள் நாகூரைத் தங்களோடு கொண்டும் சென்றார்கள். பினாங்கில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகூர்ப் பெரியார் பெயரால் ஒரு நினைவிடம் எழுந்தது. சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. அக்காலத்தில் அத்தெரு கடற்கரையாகவே இருந்தது. 1974இல் சிங்கப்பூர் அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. இவ்விரண்டிலும் அடக்கமானவர் எவருமில்லை. பெயரும் நினைவுமே உண்டு. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறிய ஆடவர்கள் கட்டியவை அவை என்று எண்ணும்போது, அவற்றின் சிறு மாடங்கள் நம் கண்ணுக்கு வேறு விதமாகத் தோன்றும். தங்கவயல் தமிழர் நிலை அதுவன்று. நாங்கள் குடும்பமாகக் குடியேறியவர்கள், கடலைக் கடக்கவுமில்லை. நாங்கள் நாகூரைக் கட்டவேண்டியதில்லை. ரயிலில் ஏறினால் போதும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இஸ்லாமியர்க்குப் புனித நகர் என்றால் மக்காவும் மதீனாவுமே முதன்மை. வசதி படைத்தோர் வாழ்நாளில் ஒருமுறை மேற்கொள்ளவேண்டிய கடமை ஹஜ்ஜு. நாகூர்ப் பயணம் அதற்கு ஈடாகாது. தர்காவின் பெரியோர்களும் அவ்வாறு சொல்வதில்லை. அடக்கத்தலத்தை நாடி வேண்டுவது தகாது என்று கருதும் முஸ்லிம்களும் உளர். எங்கள் வரிசையில் இருந்த ஒரு முஸ்லிம் முதியவர் ஹஜ்ஜுக்கென்று காசு சேர்த்துவந்தார். அந்நாளில் பம்பாய்க்குச் சென்று கப்பலேறவேண்டும். கப்பல் பயணம் 1995 வரையில் நடைபெற்றுப் பின்னர் நின்றது. சுரங்கக் கூலியில் ஒருவருக்குச் சேர்ப்பதே அரிது. மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பியதால் அவருடைய சேமிப்பு நிறையவேயில்லை. எங்களை வழியனுப்ப வந்தவர், பாட்டியாரிடம் இரண்டணாவைக் கொடுத்து, அங்கே ஏழை ஒருவருக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

நாகூரில் நாங்கள் தங்கியது இரண்டு நாட்கள். தர்காவின் குளத்தில் மூழ்கி எழுந்தோம். நாவிதர் என் தலையை மழித்தபோது, கண்ணாடிக் கதையை அவர் வாயிலாகத்தான் முதன்முதல் கேட்டேன். மழித்த தலையில் சந்தனம் பூசினார்கள். ஒருவர் மயிலிறகுக் கற்றையால் தலையைத் தடவி ஓதினார். அருகில் முகத்திரையிட்ட ஓர் அம்மையாரும், குங்குமமிட்ட ஓர் அம்மையாரும், தத்தம் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் குழந்தை உரக்க அழுகிறது என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாத்தா உள்ளே வரவில்லை. பெரிய மினாராவின் அடியில் நின்று, அண்ணாந்து பார்த்தபடி, இதற்கு அடித்தளம் எத்தனை அடி தோண்டியிருப்பார்கள் என்று காவலரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நூற்றுமுப்பது அடி உயரம் என்று அவர் சொன்னதற்கு, "நாங்கள் இதைப்போல எழுபது அடுக்கினாலும் எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறோம்" என்றார் தாத்தா. காவலர் நம்பினாரோ இல்லையோ, ஒரு முக்காலியைக் கொணர்ந்து போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

இன்று தங்கவயலில் சுரங்கங்கள் இல்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. அவ்வூர்த் தமிழரில் பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். நாங்கள் சென்ற மீட்டர் பாதைகளும் அகலப்பாதைகளாகிவிட்டன.

மாரிக்குப்பத்தில் நாங்கள் வந்திறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பாட்டியார் கொணர்ந்த சர்க்கரையைச் சிறு சிறு காகிதப் பொட்டலங்களாக மடித்து, வரிசை முழுவதும் வீடு வீடாகக் கொடுத்தனுப்பினார். பொட்டலங்களைச் சுமந்தது மொட்டைத் தலையோடு நான். முதல் பொட்டலம் ஹஜ்ஜுக்குக் காசு சேர்த்த முதியவர் வீட்டுக்கு. கடைசியில் ஒன்று மீந்தது. மறுநாள் காலை முதல் முறை வேலைக்குத் தாத்தா புறப்பட்டபோது, பாட்டியார் அதைச் சோற்று டப்பாவின் மேல்தட்டில் வைத்து மூடினார். தாத்தா மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் மீண்டும் மூடிக்கொண்டு சுரங்கத்துக்கு நடந்தார்.