ஒளியை மறிக்கும் நஞ்சும் கொல்லிமலைத் தினையும்

கொல்லிமலை என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருபவர்கள் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தான். அம்மலை இன்றும் பல நாடுகளாகவே பகுத்து வழங்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயில் அங்கேதான் உள்ளது. நிலத்தை உழுதபோது கலப்பையின் கொழு இலிங்கத்தின் மீது பட்டுக் குருதி பெருகியது என்பது அக்கோயிலின் தலக்கதை. தெய்வமே உழவுச் சாலிலிருந்து வெளிப்பட்டதாகச் சொல்லும் மலையில், பயிருக்கும் களைக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே.

இம்மலை மக்கள் வழிவழியாகப் பயிரிட்டு வந்தவை சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு போன்ற சிறுதானியங்கள். ஒவ்வொன்றிலும் பல வகைகள் உண்டு. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, பெருந்தினை என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்கின. தானியத்தோடு பயறு வகைகளையும் கடுகையும் கலந்து விதைப்பதும் வழக்கம். இத்தகைய கலப்பு நிலத்தில் களையெடுப்பது எளிய வேலையன்று. முளைத்த தினைக்கும் அதன் அருகே முளைத்த புல்லுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அதைக் காணும் கண், குனிந்து களைக்கொத்துப் பிடிக்கும் பெண்களுடையது. பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் விதைக்காமல் முளைப்பவை; ஆயினும் அவற்றைப் பறித்துக் குழம்புச் சட்டியில் இடுபவருக்கு அவை களையல்ல.

இந்தக் கண்ணின் இடத்தில் ஒரு வேதிப்பொருளை வைக்க முடியும் என்ற எண்ணம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. அதற்கு முன்பே, 1930-களின் இறுதியில், ராபின் ஹில் என்ற ஆங்கிலேய அறிஞர், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களும் ஒளி பட்டால் உயிர்வளியை வெளியிடும் என்று காட்டியிருந்தார். ஒளிச்சேர்க்கையின் ஒரு பகுதியைச் சோதனைக் குழாயில் வைத்து ஆராயும் வழி இதனால் பிறந்தது. 1951-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் மோனுரான் என்னும் களைக்கொல்லியை அறிவித்தது. அது ஹில் கண்ட அந்த வினையையே நிறுத்துகிறது என்பது 1956-இல் தெரியவந்தது. அதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், கெய்கி நிறுவனத்தின் வேதியியலார் டிரையசின் என்ற சேர்மக் குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். முதலில் சிமசின் வந்தது. 1958-இல் அட்ரசின் சந்தைக்கு வந்தது. உலகெங்கும் மக்காச்சோள வயல்களின் முகத்தை மாற்றிய பொருள் இதுவே.

அட்ரசின் செயல்படும் விதம் வியப்புக்குரியது. பசுங்கணிகத்தில் ஒளி பட்டதும் நீரிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. அவ்வழியில் ஒரு புரதத்தில் சிறு பள்ளம் ஒன்று உண்டு. எலக்ட்ரானை ஏந்திச் செல்லும் குயினோன் மூலக்கூறு வந்து அமரும் இருக்கை அது. வேர் வழியாக ஏறி இலைக்கு வந்த அட்ரசின் அந்த இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் வெயில் நிற்பதில்லை. செலவழிய வழியற்ற ஒளியாற்றல், உயிர்வளியைக் கொடிய வடிவமாக்கி இலையின் சவ்வுகளையே அழிக்கிறது. செடி பசியால் மெல்ல வாடுவதற்கு முன்பாகவே, தன்னை வளர்த்த ஒளியால் கருகிவிடுகிறது. இருளில் வைத்த செடியில் இந்தச் சேதம் நேர்வதில்லை.

மக்காச்சோளம் மட்டும் எப்படித் தப்புகிறது? அதன் உடலில் உள்ள நொதிகள் அட்ரசினைக் குளூட்டாத்தயோன் என்ற பொருளோடு பிணைத்து நஞ்சு நீக்கிவிடுகின்றன. சோளத்துக்கும் இத்திறம் உண்டு. அவரைக்கும் துவரைக்கும் இல்லை. ஆகவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள் மக்காச்சோளத்துக்கு அட்ரசினை எடுத்துரைக்கும்போதே, பயறு வகையை ஊடுபயிராக விதைப்பதானால் அதைத் தெளிக்கலாகாது என்றும் எச்சரிக்கின்றன. இந்தச் சிறு குறிப்பில் ஒரு பெரிய வரலாறு அடங்கியுள்ளது. வேதிக் களைக்கொல்லிக்கு ஒரு பயிரைத் தெரியும். ஒரு வயலைத் தெரியாது. பல பயிர் கலந்த நிலத்தில் அது எதைக் காப்பது, எதைக் கொல்வது? நிலம் முதலில் தனிப்பயிராக மாறினால்தான் நஞ்சு அங்கே பணியாற்ற இயலும்.

மலையடிவாரத்தில் நடந்தது அம்மாற்றமே. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாக மக்காச்சோளம் வேண்டியிருந்தது. பெரம்பலூர், சேலம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் அது பரவியது. மலையின் மேலே சாமையையும் தினையையும் பின்தள்ளியது மரவள்ளி. சேலம், ஆத்தூர்ப் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் அதற்குச் சந்தையாயின. நியாயவிலைக் கடை அரிசி சிறுதானியச் சோற்றின் தேவையைக் குறைத்தது. மேலும் கீழும் பயிர் வேறு, போக்கு ஒன்று.

ஆனால் களைகள் சும்மா இருக்கவில்லை. 1968-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றில், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு களை ஒன்று இந்நஞ்சுக்கு அஞ்சாமல் வளர்வது கண்டறியப்பட்டது. பின்னர் நம் முளைக்கீரையின் உறவான ஒரு கீரையினத்தில் அதற்கான காரணத்தையும் 1983-இல் கண்டனர். இருக்கையாகிய அப்புரதத்தில் 264-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தது. அட்ரசினுக்கு அங்கே பிடி கிடைக்கவில்லை.

இவ்வரலாற்றில் தினை நுழைவது இங்கேதான். தினையின் காட்டு மூதாதையான புல் பிரான்சு நாட்டு மக்காச்சோள வயல்களில் களையாக வளர்ந்து, எதிர்ப்பாற்றலும் பெற்றது. டார்மன்சி, பெர்னெஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அக்களையைத் தினையோடு ஒட்டுச்சேர்த்து, 1985-இல் அட்ரசினைத் தாங்கும் தினையை அறிவித்தனர். எதிர்ப்பு பசுங்கணிகத்தில் இருப்பதால் தாய்வழியே இறங்கியது. சீனாவில் அவ்வழியில் இரகங்கள் உருவாக்கப்பட்டன. ஆனால் மாறிய புரதம் ஒளிச்சேர்க்கையையும் சற்று மந்தமாக்கும்; விளைச்சல் குறையும். நஞ்சைத் தாங்கும் தினை, நஞ்சில்லாத நிலத்தில் மற்றத் தினைக்குப் பின்தங்கும்.

நஞ்சு வயலோடு நிற்பதுமில்லை. அட்ரசின் மண்ணில் தங்கி நிலத்தடி நீரில் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பை மீறியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதற்கு அனுமதி மறுத்தது. தவளைகளின் பாலுறுப்புகளை அது மாற்றுகிறது என டைரோன் ஹேய்ஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வு நெடிய விவாதத்தை எழுப்பியது. அமெரிக்காவில் நகர நீர்வழங்கு அமைப்புகள் தொடுத்த வழக்கில், சின்ஜெண்டா நிறுவனம் 2012-இல் 10.5 கோடி டாலர் தர இசைந்தது. இந்திய அரசு 2020-இல் தடைசெய்ய எண்ணிய 27 பூச்சி, களைக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலில் அட்ரசினும் இருந்தது. 2023-இல் வந்த தடையாணையில் அது இடம்பெறவில்லை.

பழையதே நன்று என்று கூறிவிட்டு நகர்வது எளிது. அப்படிக் கூறுபவர் ஆடி மாதத்து மலைச்சாரலில் ஒரு நாள் முழுதும் குனிந்து களையெடுக்க வேண்டும். அந்த முதுகுவலியைக் கணக்கில் எடுக்காத எந்தப் பாரம்பரியப் பற்றும் பெண்களின் உழைப்பை இலவசமாகக் கேட்பதே ஆகும். கொல்லிமலையில் பல்லாண்டுகளாகப் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை வங்கிகளோடு வரிசை விதைப்பையும் பரப்பியது இவ்வகையில் கருதத்தக்கது. வரிசையாக முளைத்த தினையில் இடைவெளி தெரியும், களையெடுப்பும் விரைவாகும். உழைப்பைக் குறைக்கும் இவ்வழி, கண்ணையும் கீரையையும் வயலிலேயே விட்டுவைக்கிறது.

மக்காச்சோளத்துக்குக்கூட, அட்ரசின் தெளித்த பின் நாற்பது நாள் கழித்து ஒரு கைக்களை எடுக்கவேண்டும் என்றுதான் பரிந்துரை சொல்கிறது. ஒளியையே மறிக்கக் கற்ற வேதியியலும் இன்னும் அந்தக் கையை விட்டுவிடவில்லை. அந்தக் கைக்கு உரிய கூலி என்ன என்ற கேள்வியை மட்டும் எந்தப் பரிந்துரையும் எழுப்புவதில்லை.