எக்ஸாஸ்ட் மேனிபோல்டு விரிசல்

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் எரிந்த வாயுவை ஒன்றுசேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் பாகம் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. விரிசல் விழுவது அதன் வழக்கமான பழுது. கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் பகுதியிலிருந்து மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்களிலும், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்புகளிலும் இந்தப் பாகம் நெடுநேரம் கடும் சூட்டில் இருக்கிறது.

முழுப் பாரத்தில் டீசல் எஞ்சினின் புகை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். சூட்டில் மேனிபோல்டு நீள்கிறது, ஆறும்போது சுருங்குகிறது. சிலிண்டர் ஹெட்டோடு ஸ்டட்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால் அது தாராளமாக அசைய வழியில்லை. ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறி தொடர்ந்து, இரண்டு கிளைகள் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் தொடங்குகிறது. சூடான எஞ்சின்மேல் தண்ணீர் அடித்துக் கழுவினாலும் வெடிக்கும். டிராக்டரில் இன்னொரு காரணம் உண்டு: செங்குத்தாக நிற்கும் சைலன்சரின் தாங்கி கழன்றுபோனால், உழவின் அதிர்வு முழுவதும் மேனிபோல்டின் கழுத்தில் இறங்கும். தாங்கியைத் திரும்பப் பொருத்தாமல் விரிசலை மட்டும் அடைத்தால் பழுது மீண்டும் வரும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்கும். எஞ்சின் சூடானதும் விரிசல் நெருங்கிச் சத்தம் தணியும். இதை டாப்பெட் சத்தமென்று நினைத்து வால்வு இடைவெளியைச் சரிசெய்வோர் பலர். விரிசலை ஒட்டிப் படியும் கரிக்கோடு உண்மையைக் காட்டிவிடும். டர்போ உள்ள வண்டியில் இழுவையும் குறையும். கசியும் புகையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு இருப்பதால், குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மலையேறும் ஜீப்பில் இது உயிருக்கே ஆபத்து.

கழற்றும்போது அவசரம் ஆகாது. துருப்பிடித்த நட்டுகளில் முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும்; அசையாதவற்றைச் சூடுகாட்டி, முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுக்க வேண்டும். ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டை எடுப்பது மேனிபோல்டு மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

புதிய பாகம் கிடைக்குமானால் மாற்றுவதே சரி. கிடைக்காத பழைய மாடலுக்கே வெல்டிங். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது நீளாமல் தடுத்து, நெடுக ‘வி’ வடிவில் பள்ளம் எடுத்து, எண்ணெயும் கரியும் போகச் சுத்தம் செய்ய வேண்டும். முழுப் பாகத்தையும் சீராகச் சூடேற்றி, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் போல ஓட்டி, ஒவ்வொரு முறையும் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். சாதாரண இரும்பு ராடு போட்டால் ஓரம் கண்ணாடிபோல் கெட்டிப்பட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். முடித்ததும் உலர்ந்த மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து இரவு முழுக்க ஆறவிடுவது இன்றியமையாதது. தண்ணீர் படவே கூடாது.

வெல்டிங்கில் பாகம் கோணும் என்பதால், ஹெட்டில் உட்காரும் முகத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்து, தேவையானால் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்ய வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றில், தயாரிப்பாளர் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். சில நாள் ஓடியபின், எஞ்சின் ஆறிய நிலையில், மறுபடி சரிபார்க்க வேண்டும்.