தேசவழமையின் மௌனமும் குடாநாட்டுத் தேனீயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய காலத்தில் தேனீ வளர்ப்பு இருந்ததில்லை. மரச்சட்டப் பெட்டி வந்த பிறகே அது தொடங்கியது. அதற்கு முன் இங்கு பயன்பட்ட தேன் முழுவதும் வன்னிக் காட்டிலிருந்து வந்தது. இந்தக் கருத்து நம்மிடையே மறுப்பின்றி நிலைத்துவிட்டது. குடாநாட்டில் மலை இல்லை, ஆறு இல்லை, பெருங்காடு இல்லை என்பதால் அது கேட்டவுடன் பொருந்துவதுபோலத் தோன்றுகிறது. ஆவணச் சான்று கேட்டால் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத் தொகுப்பான தேசவழமையைக் காட்டுவார்கள். அயலான் காணிக்குள் சாயும் மரத்தின் பயன் யாருக்கு, பிறர் நிலத்தில் கன்று நட்டவனுக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் வகுத்துச் சொல்லும் அந்தத் தொகுப்பு தேனீயைப் பற்றியும் தேனைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஆகவே அப்படி ஒரு பொருளே இங்கு இருக்கவில்லை என்பது வாதம்.

தேசவழமையின் மௌனம் உண்மை. அதிலிருந்து பெறப்படும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மௌனத்திலிருந்து ஒன்றை நிறுவ வேண்டுமானால், எழுதியவர் அந்தப் பொருளைப் பற்றிப் பேசியிருக்கத்தான் வேண்டும் என்பதை முதலில் காட்டியாக வேண்டும். தேனீ விடயத்தில் அதை இதுவரை யாரும் காட்டவில்லை.

தொகுப்பு உருவான முறையிலிருந்து தொடங்கலாம். ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சீமொன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 தொடக்கத்தில் அதை எழுதி முடித்தார். யான் பீரூஸ் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புதல் தந்தனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். நாட்டு மக்களின் வாழ்க்கையை முழுமையாகப் பதிந்து வைப்பது ஐசாக்ஸின் நோக்கமாக இருக்கவில்லை. வழக்கு என்று வந்தால் ஒல்லாந்த அதிகாரிகள் எதைக் கொண்டு தீர்ப்பது என்பதற்கான கைநூல் அது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஈடு, வட்டி, விற்பனை, அடிமை என்று அது தொட்ட தலைப்புகள் எல்லாமே மன்றுக்கு வரும் தகராறுகள். வழக்கு எழாத ஒன்று அதில் இடம்பெறக் காரணமில்லை. நல்லெண்ணெய் எப்படி ஆட்டப்பட்டது, மீன் எப்படிக் கருவாடாயிற்று என்று நாம் அதில் தேடுவதில்லை. தேனை மட்டும் ஏன் தேட வேண்டும்?

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. முந்தைய வாதம் அதைக் கவனிக்கவேயில்லை. ஐசாக்ஸ் சார்ந்திருந்த உரோம-ஒல்லாந்தச் சட்ட மரபில் தேனீக்குத் திட்டமான விதி இருந்தது. 533இல் வெளியான யுஸ்தினியனின் சட்டநெறி நூல் தேனீயை இயல்பிலேயே காட்டுயிர் என்கிறது. உன் மரத்தில் ஒரு கூட்டம் வந்து அடைந்தாலும், நீ அதைக் கூட்டுக்குள் இட்டு மூடும்வரை அது உன்னுடையதல்ல. அந்த மரத்தில் கூடு கட்டிய பறவைக்கு உள்ள நிலையே அதற்கும். அடையை யார் கண்டாலும் எடுக்கலாம். காணிக்குள் நுழையாதே என்று தடுக்கும் உரிமை மட்டும் உரியவனுக்கு உண்டு. உன் கூட்டிலிருந்து பறந்த திரள் உன் கண்ணுக்குத் தெரியும்வரை, துரத்திப் பிடிக்கக் கூடியதாக இருக்கும்வரை, உன்னுடையது. அதன் பின் பிடிப்பவனுடையது.

தேசவழமை வாய் திறக்காத இடங்களில் உரோம-ஒல்லாந்தச் சட்டம் பொருந்தும் என்பது பிற்காலத்தில் நீதிமன்றங்கள் நிலைநிறுத்திய நெறி. 1707இல் ஐசாக்ஸ் அதை அப்படியே மனதில் வைத்து எழுதினார் என்று சொல்ல என்னிடம் நேரடிச் சான்றில்லை. ஆனாலும் உள்ளூர் வழக்கம் தன் சட்டத்திலிருந்து விலகிய இடங்களைக் குறித்துக்கொள்வதே அவருக்கு வேலை. மரப்பொந்தில் இருக்கும் தேன் கண்டவனுக்கு என்பது குடாநாட்டு வழக்கமாகவும் இருந்திருந்தால், அவருடைய சட்டமும் அதையே சொன்னது. எழுத எதுவும் மிஞ்சவில்லை. எனவே தேசவழமையின் மௌனம் இரண்டு நிலைமைகளுக்கு ஒரேயளவில் பொருந்துகிறது. தேன் எடுக்கும் வழக்கமே இல்லை என்பது ஒன்று. வழக்கம் உண்டு, ஆனால் தேனீ எவருடைய சொத்துமல்ல என்பது மற்றது. அது திட்டமாக விலக்குவது ஒன்றை மட்டும்தான்: சீதனமாகக் கொடுத்து, ஈடு வைத்து, பங்கு பிரிக்கக்கூடிய முதலாகத் தேன்கூடுகள் இங்கு பெருமளவில் இருக்கவில்லை. இதை நான் தயக்கமின்றி ஏற்கிறேன்.

கூடுகள் அப்படிச் சொத்தாகிவிட்ட நாட்டில் சட்டம் எப்படிப் பேசும் என்பதற்கு அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெக்ப்ரெஹா என்ற சட்டநூல் முழுவதும் தேனீயைப் பற்றியதே. ஒருவன் வளர்க்கும் தேனீ அயலவன் நிலத்துப் பூவில் மேய்வது அத்துமீறல்; அதற்கு ஈடாக அயலவனுக்கும் பங்கு உண்டு என்று அது கணக்கிடுகிறது. கொட்டுக்கு இழப்பீடும் சொல்கிறது. வேலிக்கு அப்பால் சாய்ந்த மரத்துக்கு விதி வகுத்த தேசவழமை, வேலிக்கு மேலாகப் பறந்த தேனீக்கு வகுக்கவில்லை. வேறுபாட்டை நான் பொருளாதாரத்தில் தேடுகிறேன். அயர்லாந்தில் இனிப்பும் மதுவும் மெழுகும் தேன்கூட்டிலிருந்து வந்தன. குடாநாட்டில் இனிப்பும் கள்ளும் பனையிலிருந்து வந்தன. கருப்பநீரும் பனங்கட்டியும் உள்ள வீட்டில் தேன் மருந்துப் பெட்டிக்குரியது. பரியாரியார் சூரணம் குழைக்கவும், குழந்தையின் நாவில் தடவவும் ஒரு சிறு போத்தல் போதும். ஏழாலை ஐ. பொன்னையா பதிப்பித்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களில் தேன் திரும்பத் திரும்ப அனுபானமாக வருகிறது. தேவை இடைவிடாதது, அளவு சிறியது. இப்படிப்பட்ட பொருளுக்காக யாரும் மன்றுக்குப் போவதில்லை.

சித்த மருத்துவம் மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று வகை பிரிப்பதைக் காட்டி, மனைத்தேன் என்றாலே வீட்டில் வளர்த்த தேன்தான் என்று வாதிடுவோரும் உண்டு. என் பக்கம் சேரும் வாதமாயினும் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியல் தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் பொது. குடாநாட்டுக்கு மட்டும் உரிய சான்றாகாது.

நிலத்தையும் தேனீயையும் பார்ப்பது இதைவிடப் பயன் தரும். குடாநாடு சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. கிணற்றுச் சுவர், பழைய மதில், வட்டுப் போன மொட்டைப் பனை ஆகியவை எல்லாம் இருட்டில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீக்கு இடம் தருபவை. வேம்பு, இலுப்பை, புளி, முருங்கை, தென்னை, ஆண்பனை என்று வீட்டுக் காணிக்குள்ளேயே அதற்கு மேய்ச்சல் உண்டு. குடாநாட்டின் பெரும் பணப்பயிரான புகையிலைதான் இதற்கு விலக்கு. பூ விரியுமுன் தலையை முறித்துவிடுவதால் தோட்டம் முழுக்கப் புகையிலை நின்றாலும் தேனீக்கு ஒரு பூவும் இல்லை. மழை ஐப்பசி முதல் மார்கழிவரை கொட்டித் தீர்த்து, பின் நீண்ட வறட்சியும் சோளகக் காற்றும் வருகின்றன. பூ குறையும்போது இந்தியத் தேனீ தங்குவதில்லை. அடையை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். ஐரோப்பியத் தேனீயிடம் இந்தக் குணம் மிகக் குறைவு. திரும்பிவரும் வழக்கமுள்ள உயிர் என்பதை வைத்தே உரோமச் சட்டம் கூட்டிலிட்ட தேனீக்கு உடைமை கொடுத்தது. போனால் வராத தேனீயைச் சீதன உறுதியில் எழுதுவது எப்படி? வீடு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால், வான்பயிர், செய்பயிர் என்று ஒன்றும் விடாமல் அடுக்கும் நம் உறுதி எழுதும் மரபு தேனீயை விட்டுவைத்ததில் வியப்பில்லை.

கொம்புத்தேனீ இன்னும் தெளிவான சான்று. கிளுவை வேலியிலும் பூவரசிலும் ஒற்றை அடை கட்டுவது இது. கிளையை வளைத்து நிற்கும் தடித்த மேற்பகுதியில் தேன். கீழே தொங்கும் மெல்லிய பகுதியில் முட்டையும் புழுவும். மேற்பகுதியைச் சீவி எடுத்தால் உள்ளங்கை நிறையக் கிடைப்பது பெரிய விளைச்சல். குடாநாட்டில் வேலிச் சண்டை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஒரு சாண் எல்லைக்காக உறவு முறிந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த வேலியிலேயே கட்டிய கூடு வழக்குப் பொருளாகாமல் போனதற்குக் காரணம், கண்ட அன்றே எடுத்து அன்றே தீர்ந்துவிடும் பொருள் அது என்பதே.

இந்த இடத்தில் ஓமானைக் கவனிக்க வேண்டும். கொம்புத்தேனீயை வளர்க்க முடியாது என்று நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன, ஓமானியர் வளர்க்கிறார்கள். தேன் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புழுவுள்ள அடையைப் பிளந்த ஈச்ச மட்டையில் கவ்வவைத்து, நிழலான பாறை மாடத்திலோ குகையிலோ தொங்கவிடுகிறார்கள். தேனீ மறுபடி கட்டுகிறது. வியட்நாமின் ஊ மின் காட்டில் மலைத்தேனீக்குச் சாய்ந்த கம்பை நட்டு, அது அங்கே வந்து கட்டும்படி செய்கிறார்கள். பெட்டி, பானை, குடம் எதுவுமில்லை. தேனெடுத்தல் ஒருபுறம், தேனீ வளர்ப்பு மறுபுறம் என்று நாம் போட்ட கோடு, 1851இல் லாங்ஸ்ட்ரோத் அடைகளுக்கிடையே விட வேண்டிய இடைவெளியைக் கண்டு சட்டப் பெட்டியை அமைத்த பிறகு, அந்தப் பெட்டியின் உயரத்திலிருந்து பார்த்துப் போட்ட கோடு. தென்னிந்தியாவில் திருச்சிராப்பள்ளி நியூட்டன் பாதிரியாரின் பெட்டியும், 1924 முதல் மார்த்தாண்டத்தில் நடந்த பயிற்சியும் அந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாக்கின. குடாநாட்டில் ஓமானிய முறை இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருந்தால் அது தடயம் எதையும் விட்டிருக்காது, தேசவழமையிலும் ஏறியிருக்காது என்றே சொல்கிறேன்.

றொபேட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலைக் காட்டி, இலங்கையர் தேனைப் பொந்திலிருந்து எடுத்தார்களேயன்றி வளர்க்கவில்லை என்று சொல்வது வழக்கம். நொக்ஸ் மூன்று வகைத் தேனீயைப் பிரித்தறிந்த கூர்மையான பார்வையாளர். ஆனால் 1660 முதல் 1679வரை அவர் சிறைப்பட்டிருந்து கண்டது கண்டி இராச்சியம்; தப்பியோடி அரிப்புக் கோட்டையை அடைந்தாரேயன்றி யாழ்ப்பாணத்து வேலிகளை ஆராயவில்லை. அந்தச் சான்றை இதற்குமேல் எடுத்துப் பேசத் தேவையில்லை. இன்று குடாநாட்டில் தேனீப் பெட்டிகள் அருமை என்பதைப் பழங்காலத்துக்குச் சான்றாக்குவதும் பொருந்தாது. மிளகாயும் வெங்காயமும் பணம் கொட்டிய 1970களுக்குப் பிந்திய பூச்சிமருந்துத் தோட்டத்தை வைத்து ஒல்லாந்தர் கால வேப்பமரத்தை அளக்க முடியாது.

எஞ்சுவது, தேன் எடுத்தவர் யார் என்ற கேள்வி. தேசவழமையைக் காட்டும் அந்த வாதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கேள்வி எழவே இல்லை என்பதுதான். பாளை சீவ அன்றாடம் பனையேறியவர் கையில் கத்தி இருந்தது. முட்டியில் விழுந்து மிதக்கும் தேனீயை அவர் அன்றாடம் கண்டார். அது எந்தத் திசைக்குத் திரும்பிப் பறக்கிறது என்பதையும் உச்சியிலிருந்து பார்த்தார். மொட்டைப் பனையின் பொந்து எட்டக்கூடியதும் அவருக்குத்தான். தேனறிவு இருந்திருக்க வேண்டிய இடம் அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஐசாக்ஸ் தன் தொகுப்பைக் காட்டியது அந்த மக்களிடம் அல்ல, பன்னிரண்டு முதலிமாரிடம். பனையேறிய நளவரும் பள்ளரும் தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியில் வருகிறார்கள். உரிமை கேட்டு நிற்கும் மனிதராக அல்லாமல், பிறர் உரிமை கொள்ளும் பொருளாகவே அங்கே அவர்கள் எழுதப்பட்டார்கள். தன்னையே சொத்தாகக் கணக்கிட்ட மன்றின் முன், இந்தக் கூடு என் கண்ணில் முதலில் பட்டது என்று சொல்ல அவரால் முடியாது. அவர் இறக்கிய தேன் காணிக்காரர் வீட்டுக்குப் போனதா, பரியாரியாரிடம் போனதா, அவர் பிள்ளைகளுக்குக் கிடைத்ததா என்பதை முதலிமார் ஒப்புக்கொண்ட ஒரு நூலிடம் கேட்டுப் பயனில்லை. பரம்பரைப் பரியாரி வீடுகளில் இன்னும் அச்சேறாமல் கிடக்கும் ஏடுகளிலும் கணக்குக் குறிப்புகளிலும், பனைத் தொழிலை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களின் நினைவிலும் அதைத் தேட வேண்டும். அந்த நினைவைக் கேட்டுப் பதிய இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் இருக்கிறது.