பிரவுன் மீது விழுந்த பழியும் 1988-ன் கணக்கும்

1997 ஜூலை 2 அன்று பிரிட்டனின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் தன் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதில் பென்ஷன் நிதிகளைத் தொட்ட அறிவிப்பு, கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் புரியாத வரி நுணுக்கம். ஆனால் வருடங்கள் போகப் போக, ஓய்வு பெறும் வயதில் தன் சேமிப்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்த்து அதிர்ந்துபோன பலரும் முதலில் சொன்ன பெயர் பிரவுனுடையதுதான். பென்ஷனில் கைவைத்தவர் என்ற பட்டம், அவர் பிரதமரான பிறகும் அவரை விடவில்லை.

அவர் செய்தது இதுதான். ஒரு கம்பெனி தன் பங்குதாரருக்கு 80 பவுண்டு டிவிடெண்ட் கொடுத்தால், மேலும் 20 பவுண்டு வரியாக ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பென்ஷன் நிதிக்கு வருமான வரி கிடையாது என்பதால், அந்த 20 பவுண்டை அரசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். 80 கையில், 20 கஜானாவிலிருந்து, ஆக 100. பிரவுன் அந்த 20-ஐ நிறுத்தினார். அரசுக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுண்டு மிச்சம். பென்ஷன் நிதிகளின் மதிப்பு இதனால் குறையும் என்று நிதித்துறை அதிகாரிகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தது, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 2007-ல் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது. கோபம் இரண்டு மடங்கானது. தெரிந்தே செய்தார் என்பது சும்மா விடக்கூடிய குற்றச்சாட்டா?

விடக்கூடாதுதான். ஆனால் இதே சலுகையை 1993-ல் முதலில் குறைத்தவர் கன்சர்வேடிவ் நிதியமைச்சர் நார்மன் லமாண்ட். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பென்ஷன் சேமிப்பாளர்களுக்கு அரசியல்வாதிகள் இழைத்த மிகப் பெரிய அநீதியைத் தேடினால், இந்த இரண்டு பட்ஜெட்டுகளையும் தாண்டி 1988-க்குப் போக வேண்டியிருக்கிறது.

தாட்சர் அரசில் சமூக சேவைகள் அமைச்சராக இருந்த நார்மன் ஃபவ்லர், சம்பளத்துக்கேற்ற அரசு பென்ஷனையே எடுத்துவிடலாம் என்று 1985-ல் யோசனை சொன்னார். எதிர்ப்பு பலமாக இருந்ததால், அதை ஒழிக்காமல் சுருக்கினார். கூடவே 1986-ல் வந்த சட்டம் ஒரு புதிய வழியைத் திறந்தது. வேலை செய்யும் இடத்தின் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று முதலாளி இனி கட்டாயப்படுத்த முடியாது. விரும்பியவர் வெளியே வந்து, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தனக்கென்று தனிநபர் பென்ஷன் எடுத்துக்கொள்ளலாம். 1988 ஜூலையில் விற்பனை தொடங்கியது. அரசு பென்ஷனை விட்டு வருகிறவருக்குத் தேசியக் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு தனிக் கணக்கில் போடப்படும், 1993 வரை ஊக்கத்தொகையாக இன்னொரு 2 சதவீதம் சேரும் என்றது அரசு. சில ஆண்டுகளுக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

கம்பெனிகளின் ஏஜென்ட்டுகள் வீடு வீடாகப் போனார்கள். பாலிசி விற்றால்தான் கமிஷன். அவர்கள் பிடித்தவர்களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், நர்ஸ்கள், ஆசிரியர்கள் ஏராளம். சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு ஏற்கெனவே நல்ல பென்ஷன் இருந்தது. கடைசிக் காலச் சம்பளத்தையும் வேலை செய்த வருடங்களையும் வைத்துத் தொகை கணக்கிடப்படும். அவர் போடும் பணத்தோடு முதலாளியின் பணமும் சேரும். பங்குச் சந்தை விழுந்தாலும் அந்தப் பாரம் அவர் தலையில் இறங்காது. அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு கையெழுத்தில் வெளியே வந்தார். முதலாளியின் பங்கு அன்றோடு நின்றது. சந்தையின் ஏற்ற இறக்கம் முழுவதும் இனி அவருடையது. முதல் சில வருடங்களில் கட்டிய தொகையில் கணிசமான பகுதி ஏஜென்ட்டின் கமிஷனுக்கே போனது.

இந்த மோசடி வெளியே வர ஆறு ஆண்டுகள் ஆயின. 1994-ல் மறுஆய்வு தொடங்கியது. கம்பெனிகள் இழுத்தடித்தன, 1997-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசின் அமைச்சர் ஹெலன் லிடெல், தாமதம் செய்த கம்பெனிகளின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டு விரட்ட வேண்டியிருந்தது. 2002-ல் ஒழுங்குமுறை ஆணையம் கணக்கை முடித்தபோது, நஷ்டஈடு ஏறக்குறைய 17 லட்சம் பேருக்கு, சுமார் 1,180 கோடி பவுண்டு. தேவையில்லாத இடத்துக்குத் தள்ளப்பட்டவர்களின் எண்ணிக்கை அது. இதற்கு வழி திறந்த 1986 சட்டத்தைக் கொண்டுவந்தவர்களை எத்தனை பேர் இன்று பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்?

நஷ்டஈட்டுக்குத் தகுதியில்லாத, ஒழுங்காக விற்கப்பட்ட பாலிசிகளிலும் பணம் கரைந்தது. ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 40 ஆண்டுகள் ஒருவர் சேமிக்கிறார், முதலீடு 6 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவில் சுமார் 15,480 பவுண்டு இருக்கும். கம்பெனி ஆண்டுதோறும் கட்டணமாக 1.5 சதவீதம் எடுத்தால் மிஞ்சுவது 10,700 மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, சத்தமில்லாமல் போய்விடுகிறது. பிரவுன் எடுத்ததையும் இதே தராசில் வைக்கலாம். அன்று லண்டன் பங்குகள் தந்த டிவிடெண்ட் சுமார் 3.5 சதவீதம், அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 0.7 சதவீதம். சிறிய தொகை இல்லை. ஆனால் கட்டணத்தில் பாதிகூட வரவில்லை. பட்ஜெட்டுக்குத் தேதி உண்டு, வாசித்தவருக்கு முகம் உண்டு. கட்டணம் வருடா வருடம் அறிக்கையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

போதாக்குறைக்குச் சந்தையும் வட்டியும் கைவிட்டன. 1999 டிசம்பர் கடைசியில் 6,930 புள்ளியில் இருந்த எஃப்.டி.எஸ்.இ. 100 குறியீடு 2003 மார்ச்சில் 3,287-க்கு வந்தது. சேர்ந்த பணத்தைக் கொடுத்து ஆயுள் முழுக்க வருமானம் வாங்கும் ஆனுயிட்டியில், 1990-ல் கிடைத்ததில் பாதிகூட இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கவில்லை. வட்டி இறங்கியது, மனிதர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். இதற்கு எந்த அமைச்சரையும் தூக்கில் போட முடியாது.

ஈக்விட்டபிள் லைஃப் விவகாரம் வேறு மாதிரி. 1762-ல் தொடங்கிய அந்த இன்சூரன்ஸ் சங்கம், தன்னால் காப்பாற்ற முடியாத ஆனுயிட்டி உத்தரவாதங்களைக் கொடுத்திருந்தது. அவற்றை வெட்டப் பார்த்தபோது, 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை உத்தரவாதம் பெற்றவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கதவை மூடிக்கொண்டது சங்கம். பென்ரோஸ் பிரபுவின் 2004 விசாரணை அறிக்கை முதன்மைப் பழியைச் சங்கத்தின் மீதே போட்டது. நாடாளுமன்ற ஆம்புட்ஸ்மேன் ஆன் ஏப்ரகாம், பத்தாண்டுகள் கண்காணிப்பில் தவறியது அரசு என்று 2008-ல் சொன்னார். இழப்பு 430 கோடி பவுண்டு என்று ஏற்றுக்கொண்ட அரசு, 2010-ல் ஒதுக்கியது 150 கோடி. பெரும்பாலோருக்குத் தங்கள் இழப்பில் 22.4 சதவீதம்தான் கைக்கு வந்தது. இங்கே அரசியல்வாதிகளைக் குறை சொல்லும் முதியவரின் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது, அதுவும் அரசே எழுதி ஒப்புக்கொண்ட ஆதாரம்.

2015 ஏப்ரலில் இரண்டு விதிகள் ஒன்றாக அமலுக்கு வந்தன. பெரும்பாலோர் சேமிப்பைக் கொடுத்து ஆனுயிட்டி வாங்கிய நிலையை மாற்றி, 55 வயதானவர் விருப்பம்போல் பணத்தை எடுக்கலாம் என்றது அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னின் சீர்திருத்தம். எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். பணியிடத் திட்டங்களில் தானாகச் சேர்க்கப்படும் ஊழியரின் முதலீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது மற்றொன்று. 1988-ல் ஏஜென்ட் நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டு, அந்தத் தனிநபர் பாலிசியையே கட்டிக்கொண்டு வந்தவருக்கு இந்த இரண்டாவது விதி பொருந்தவில்லை.