சின்னம் வரைந்த கூலி

தேர்தல் வரலாறு எழுதுகிறவர்கள் மேடையிலிருந்து தொடங்குவார்கள். எனக்குத் தெரிந்தது சுவர். அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம், பெரம்பலூர் பக்கமெல்லாம் சின்னம் வரைந்து பிழைத்தவன் நான். எனக்கு முன்னால் என் அப்பா. கடைப் பெயர்ப் பலகை, லாரி நம்பர், பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் இவைதான் அன்றாட வேலை. தேர்தல் வந்தால்தான் எங்கள் கைக்கு மவுசு. ஒரு கட்சி எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், அதன் கொள்கைக்கு முன்னால் என் மனதில் வரும் கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சுவருக்குக் கூலி யார் கொடுத்தது?

அமெரிக்கக் கட்சிகளுக்கும் கழுதை, யானை என்று படங்கள் உண்டு. 1870-களில் தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் பத்திரிகையில் வரைந்து வரைந்து நிலைபெற்றவை அவை. ஆனால் அங்கே வாக்குச்சீட்டில் பெயரைப் படித்துத்தான் வாக்குப் போடுகிறார்கள். நம் நாட்டில் 1951 கணக்கெடுப்பின்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அதனால் படம்தான் வேட்பாளருடைய பெயர். 1952-லும் 1957-லும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை அதற்குள் போட வேண்டியதுதான். ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சாகி, முத்திரை குத்தும் முறை பொதுத்தேர்தலுக்கு வந்தது 1962-ல்.

முதல் தேர்தலில் பெரம்பலூர் மக்களவைத் தொகுதி காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் வி. பூவராகசாமி படையாட்சி ஜெயித்தார். கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி 1951-ல் தொடங்கிய கட்சி அது. அப்போது தி.மு.க. தேர்தலில் நிற்கவில்லை. சட்டமன்றத்தில் திராவிட நாட்டுக்காகப் பேசுவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களை ஆதரித்தது. உழைப்பாளர் கட்சி கையெழுத்துப் போட்டது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 19 இடம், மக்களவையில் 4 இடம் பிடித்தது. 1954-ல் ராமசாமி படையாட்சி காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். அந்தத் தேர்தலில் சுவருக்கு வேலையே இல்லை என்பார் அப்பா. வன்னியர் ஊர்களில் உறவுமுறைக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதே விளம்பரம். அந்தக் கட்சியின் முதலீடு ரூபாய் இல்லை, சாதிக்கட்டு.

சுவருக்கு வேலை வந்தது தி.மு.க. வந்த பிறகு. தேர்தலில் நிற்கலாமா என்று 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் தொண்டர்களிடமே வாக்கெடுத்தார்கள். நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். அதே ஆண்டு நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை மந்திரி தமிழ்நாட்டுக்காரர், ஓ.வி. அழகேசன். 1957 தேர்தலில் தி.மு.க. அவர் பெயரை அரியலூரோடு சேர்த்து, 'ஆண்டது', 'மாண்டது' என்று எதுகை போட்டு ஒரு முழக்கம் செய்தது. செங்கல்பட்டில் அழகேசன் தோற்றார். அந்த முழக்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. கரித்துண்டு இருந்தால் போதும். எவன் வீட்டுச் சுவரிலும் எழுதலாம். எங்கள் ஊரின் பெயர் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறியது அப்படித்தான்.

சின்னத்திலும் ஒரு சிக்கனம் இருந்தது. இதைத் தொழில் தெரிந்தவன் சொன்னால்தான் விளங்கும். காங்கிரசின் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைக்குக் கொம்பு வேண்டும், திமில் வேண்டும், எட்டுக் கால் வேண்டும். கை தேர்ந்த ஆள் இல்லாமல் ஆகாது. ஆள் என்றால் கூலி. உதயசூரியனுக்கு இரண்டு மலைக்கோடு, நடுவில் அரைவட்டம், மேலே ஏழெட்டுக் கதிர். பள்ளிக்கூடத்துப் பையன் வரைவான். சுண்ணாம்புக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. அரியலூர் பூமியே சுண்ணாம்புக்கல். தாழை விழுதை நசுக்கினால் தூரிகை. காவிக்கல்லும் விளக்குக்கரியும் வச்சிரப் பசையும் சேர்த்தால் கட்சி வர்ணம் இரண்டும் தயார். தொண்டன் தன் காசில் சுண்ணாம்பு வாங்கி, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் வரைந்துவிட்டு, விடிந்ததும் களை வெட்டப் போனான். டீயும் காராசேவும் கிளைச் செயலாளர் செலவு.

அந்தச் சுண்ணாம்புச் சூரியன்தான் 1962-ல் இரா. செழியனைப் பெரம்பலூரிலிருந்து டெல்லிக்கு அனுப்பியது. திருக்கண்ணபுரத்துக்காரர், நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. இந்த ஊரில் அவருக்கு உறவுமுறை கிடையாது. பத்தாண்டுக்கு முன்னால் சாதிக்கட்டு ஜெயித்த தொகுதியில், வெளியூர்க்காரர் ஒருவர் கட்சியின் பெயரால் ஜெயித்தார். அந்த முறை தி.மு.க.வுக்கு மக்களவையில் 7 பேர், சட்டமன்றத்தில் 50 பேர்.

1967-க்கு அண்ணா பத்து லட்ச ரூபாய் தேர்தல் நிதி வேண்டும் என்றார். பொறுப்பேற்ற கருணாநிதி பதினொரு லட்சம் திரட்டிக் கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை வாசித்தபோது, சைதாப்பேட்டை என்று சொல்லி, பெயருக்குப் பதிலாகத் 'திரு. பதினொரு லட்சம்' என்றார் அண்ணா. கூட்டம் ஆர்ப்பரித்தது. உண்டியலிலும் நாடக வசூலிலும் கூட்டத்துக்கு டிக்கெட் போட்டும் சேர்ந்த காசு அதில் உண்டு. கேட்கிறவன் காசு கொடுத்துப் பேச்சுக் கேட்ட காலம். இன்று கூட்டத்துக்கு வருகிறவனுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று சொன்னால் அப்பா நம்பியிருக்க மாட்டார்.

ஆட்சி கைக்கு வந்ததும் சுவர் மாறியது. நான் தூரிகை பிடித்த காலத்தில், எழுபதுகளின் கடைசியில், தொண்டன் வரைவது குறைந்துவிட்டது. ஒன்றியச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டு, ஊர்க் கணக்கில் சுவரைக் குத்தகைக்கு விடுவார். 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை ஜெயிக்க வைத்த அ.தி.மு.க.வின் இரட்டை இலை, எங்களுக்கு வரையச் சுலபமான சின்னம். அடுத்த தேர்தலுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போதே சுவர் மூலையில் கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதிப் பிடித்து வைப்பார்கள். பிடித்த சுவரில் மற்றவன் கை வைத்தால் அடிதடி. வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை. 1989 சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி உடைந்து இரட்டை இலை முடங்கி, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் வந்தன. சேவலின் கொண்டையும் வால் இறகும் எல்லாக் கைக்கும் வராது. அந்த மாதம் எங்கள் கூலி ஏறியது. பா.ம.க. முதலில் யானையில் நின்றது; பிறகு மாம்பழம். 2001-ல் ஆண்டிமடத்திலும் 2011-ல் ஜெயங்கொண்டத்திலும் காடுவெட்டி குருவை ஜெயிக்க வைத்த மாம்பழங்களில் பலவற்றுக்கு அந்த ஊர்ப் பையன்கள் கூலி வாங்கவில்லை. சாதிக்கட்டு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். 1952-ல் கண்ட கதைதான்.

கூலி வாங்காத கை இன்னொன்றும் உண்டு. வாக்குப் பெட்டியையே நம்பாதவர்களின் கை. பொன்பரப்பி தமிழரசன் இந்த மண்ணின் பிள்ளை. ஆயுதமே வழி என்று தமிழ்நாடு விடுதலைப்படையை நடத்தியவர். 1987 மார்ச்சில் அதே மருதையாற்றில் வெடிவைத்துத் தண்டவாளம் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து பயணிகள் மடிந்தார்கள். செப்டம்பர் முதல் தேதி பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளையின்போது அவர் அடித்துக் கொல்லப்பட்டார். தேர்தலைப் புறக்கணித்து வந்த இன்னொரு இயக்கம் விடுதலைச் சிறுத்தைகள். செந்துறைப் பக்கத்து அங்கனூர்க்காரரான தொல். திருமாவளவன் 1999-ல் சிதம்பரம் தொகுதியில் நின்றபோதுதான் அவர்கள் தேர்தலுக்கு வந்தார்கள். அதுவரை ராத்திரியில் புறக்கணிப்பு எழுதிய கை, அந்த ஆண்டு பகலில் வாக்குக் கேட்டு எழுதியது.

எனக்கு நல்ல கூலி கிடைத்தது சின்னத்தில் இல்லை, மாவட்டத்தில். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001 ஜனவரியில் தி.மு.க. அரசு அரியலூரையும் தனி மாவட்டமாக்கியது. ஆட்சி மாறியதும் 2002-ல் அ.தி.மு.க. அரசு அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தது. மறுபடி தி.மு.க. வந்து 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் பிரித்தது. ஒவ்வொரு முறையும் அலுவலகப் பலகை, பள்ளிப் பலகை, கூட்டுறவுச் சங்கப் பலகை என்று 'மாவட்டம்' என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த பெயரை அழித்து எழுதினோம். அந்தக் கூலியைக் கட்சி கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் வரி கட்டியவர்கள்.

டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்தபின் சுவருக்குக் கெடுபிடி கூடியது. நகரத்தில் எழுத முடியாமல் போயிற்று. கிராமத்தில் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிறத்தியார் சுவர் அது. ஆனால் சுவரில் மிச்சமான காசு மிச்சமாகவே இருக்கவில்லை. ஃப்ளெக்ஸ் வந்தது; பெரம்பலூர் பாலக்கரையில் ஆளுயரக் கட்-அவுட்டுகள் நின்றன. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, அந்த ஊர்ப் பெயரே வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் பெயராகிவிட்டது. 2019-ல் பணப் பட்டுவாடா காரணமாக வேலூர் மக்களவைத் தேர்தலையே நிறுத்தி வைத்தார்கள். அதே காலத்தில் ஒரு கட்சிக்காக நானும் இரண்டு பையன்களும் வரைந்த சுவர்களுக்குப் பாதிக் கூலி இன்னும் பாக்கி. வாக்காளருக்குக் கவர் பாக்கி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கொள்கை எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு இரண்டு தொகுதிகளைக் காட்டுவேன். பெரம்பலூரில் பாரிவேந்தர் 2014-ல் பா.ஜ.க. கூட்டணியில் நின்று தோற்றார். 2019-ல் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். 2024-ல் தாமரையில் நின்று, உதயசூரியனில் நின்ற அருண் நேருவிடம் தோற்றார். பெயர் அதேதான், பக்கத்தில் இருந்த படத்தை மட்டும் மாற்றினோம். சிதம்பரம் தொகுதியில் அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூன்றும் அடங்கும். 2019-ல் அங்கே திருமாவளவனுக்குப் பானைச் சின்னம். ஒரு வளைவில் முடிகிற படம். சேரிகளில் பிள்ளைகளே வரைந்தார்கள், கூலியில்லாமல். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று பொன்பரப்பியில் அந்தப் பானையையொட்டி எழுந்த தகராறில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. எண்ணிக்கை இரவு வெகுநேரம் இழுத்து, 3,219 வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். சுண்ணாம்புக் காலத்துத் தேர்தல் முழுக்கச் செத்துவிடவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்பதும் தெரிந்தது.

2018-ல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மார்ச்சில் பட்டியல் வெளியானது. தி.மு.க. பெற்றது 656.5 கோடி, அதில் 509 கோடி லாட்டரி நடத்தும் ஃபியூச்சர் கேமிங் என்ற ஒரே கம்பெனியிடமிருந்து. பத்திரம் வாங்கியோர் பட்டியலில் சிமென்ட் கம்பெனிகளும் இருந்தன. எங்கள் சுவருக்கு வெள்ளை தந்த அதே சுண்ணாம்புக்கல்தான் சிமென்டுக்கும் மூலப்பொருள். உண்டியலில் சேர்ந்த பதினொரு லட்சத்தை மேடையில் பெருமையாகச் சொன்ன கட்சிக்கு, இந்தக் கணக்கைச் சொல்ல நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. மற்றப் பெரிய கட்சிகளும் இதற்கு விலக்கில்லை. மிக அதிகம் பெற்றது பா.ஜ.க.

செலவுக்கு வரம்பு கட்டினால் பேச்சுக்கு வரம்பு கட்டியதாகும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1976-ல் தீர்ப்பளித்தது. 2010-ல் கம்பெனிகளுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. நாம் அப்படியில்லை என்கிறோம். மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என்று வரம்பு உண்டு. டீ, நாற்காலி, மைக்செட், சுவர் எழுத்து எல்லாவற்றுக்கும் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் போடுகிறார். முடிவு வந்து முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் கட்சி பொதுவாகச் செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. கட்சி செலவழித்ததும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று நம் உச்சநீதிமன்றம் 1974-ல் சொன்னபோது, அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அதைத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்காவில் வாசல் திறந்தே கிடக்கிறது. இங்கே வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

நான் வரைகிற சூரியனும் இலையும் பானையும் சதுர அடிக் கணக்கில் அரசாங்கத்துக்குப் போகின்றன. என் கூலிக்கு ரசீது உண்டு. கட்சி செய்யும் செலவுக்கும் ஒரு வரம்பும், அது வாங்கும் ஒவ்வொரு நன்கொடைக்கும் தேர்தலுக்கு முன்பே பெயரோடு ஒரு ரசீதும் வேண்டும் என்பதுதான் என் கேள்விக்கு நான் கண்ட பதில். அந்தக் கணக்கைக் கட்சி அலுவலகச் சுவரில் எழுதச் சொன்னால், கூலியில்லாமல் எழுதித் தருவேன்.